க்ரூஸ் கண்ட்ரோல் இல்லாத பழைய வேனில் அதைப் பிறகு பொருத்திக்கொள்ள முடியுமா?

முடியும். க்ரூஸ் கண்ட்ரோல் என்றால், ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலே நீங்கள் சொன்ன வேகத்தில் வண்டியை ஓடவைக்கும் கருவி. என் வேனில் பொருத்தி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கேள்வி கேட்டவர் தன் வண்டி பழைய டீசல், கியர் கையால் மாற்றுவது, நீண்ட ஓட்டத்தில் வலது முழங்கால் பிடித்துக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறார். முழங்கால் உட்பட அப்படியே என் கதை. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கிட் எதையும் இப்போதே வாங்கிவிடாதீர்கள். எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஆக்சிலேட்டரை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். ஒரு கேபிள் இழுபட்டு எஞ்சின் பக்கம் ஒரு லீவர் திரும்பினால் உங்களுடையது கேபிள் வண்டி. எதுவும் அசையவில்லை, பெடலின் மேல்முனையிலிருந்து 5, 6 வயர்கள் மட்டும் போகின்றன என்றால் எலெக்ட்ரானிக் பெடல். இரண்டுக்கும் வேலை முற்றிலும் வேறு.

எலெக்ட்ரானிக் பெடல் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்தப் பெடலுக்குள் இரண்டு சென்சார்கள் இருக்கும். எவ்வளவு மிதித்தீர்கள் என்பதை இரண்டும் தனித்தனியாக எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கம்ப்யூட்டர் வண்டியைத் தவழவிட்டுவிடும். கடையில் கிடைக்கும் கருவிகள் பெடலுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, உங்கள் காலைப் போலவே நடித்து அந்த இரண்டு சிக்னல்களையும் அனுப்புகின்றன. ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று பாருங்கள். பல வண்டிகளின் கம்ப்யூட்டரில் க்ரூஸ் கண்ட்ரோல் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். விலை குறைந்த மாடல் என்பதால் ஸ்விட்ச்சை மட்டும் வைக்காமல் விட்டிருப்பார்கள். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்துத் தண்டைக் கழற்றி க்ரூஸ் ஸ்விட்ச் உள்ள தண்டை மாட்டி, சில வயர்களை இழுத்து, எஞ்சின் கம்ப்யூட்டரோடு பேசும் கண்டறியும் கருவியில் 11463 என்று அடித்தால் போதும், விழித்துக்கொள்ளும். உங்கள் மாடலுக்கு இப்படி ஒரு வழி இருக்கிறதா என்று விசாரிக்காமல் வேறு எதிலும் பணம் போடாதீர்கள். ஸ்டியரிங் பக்கம் கை வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். ஏர்பேக் உள்ள இடம் அது.

என்னுடையது கேபிள் வண்டி. அதில் லீவரை இழுக்க ஒரு தனி ‘கை’ வேண்டும். காற்று உறிஞ்சும் வாக்குவம் வகை ஒன்று, மோட்டார் வகை ஒன்று. பெட்ரோல் எஞ்சினில் வாக்குவம் இலவசமாகக் கிடைக்கும். டீசலில் பிரேக்குக்கென்றே தனி பம்ப் வைத்துத்தான் அதை உண்டாக்குகிறார்கள். பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்குப் போகும் குழாயில் இன்னொரு கிளை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. மோட்டார் வகையையே வாங்கினேன்.

பொருத்த ஆரம்பித்த பிறகுதான் ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது. வேகத்தைப் பிடித்து வைப்பது இந்தக் கருவிக்குப் பெரிய காரியமே இல்லை. சொன்ன கணத்தில் விட வேண்டும், அதில்தான் எல்லாம் இருக்கிறது. என் நேரத்தில் முக்கால்வாசி அந்த ‘விடுகிற’ வயர்களிலேயே போயிற்று.

பிரேக் வயர் கதையைச் சொல்கிறேன். எல்லாம் மாட்டி முடித்து, ஆளில்லாத நேரான சாலையில் 60-இல் செட் பட்டனை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி, மறுபடி. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு வயராகக் கழற்றி மாட்டினேன். இரண்டு நாள் போனது. மின்வேலை தெரிந்த என் தம்பி வந்தான். கருவியைத் தொடவே இல்லை, நேரே வண்டியின் பின்பக்கம் போனான். “அண்ணே, பிரேக் பல்பை எல்.இ.டி.யா மாத்திட்டியா?” மாற்றியிருந்தேன். அவ்வளவுதான் விஷயம்.

பெடலை மிதிக்காதபோது பிரேக் விளக்கு வயரில் கரண்ட் இருக்காது. ஆனால் பழைய பல்பின் மெல்லிய இழை வழியாக அந்த வயர் எர்த்தை, அதாவது பேட்டரியின் நெகட்டிவ் பக்கத்தை, தொட்டுக்கொண்டே இருக்கும். கருவி அந்த எர்த்தைத் தேடுகிறது. அது தெரிந்தால், ‘வயர் அறுபடவில்லை, பிரேக் மிதித்தால் எனக்குத் தெரிந்துவிடும்’ என்று நம்பி வேலைக்கு வரும். தெரியாவிட்டால் அசையாது. எல்.இ.டி. பல்பில் அந்த இழை இல்லை, எர்த்தும் இல்லை. கருவி பிடிவாதம் பிடிக்கிறது என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன். அது செய்தது சரி.

இதற்கு ஒரு ரிலே (கரண்ட் வந்தால் தானே மாறும் ஸ்விட்ச்) போட்டு ஏமாற்றச் சொல்பவர்கள் உண்டு. கருவிக்குப் பொய்யாக ஒரு எர்த் காட்டி, பிரேக் மிதிக்கும்போது மட்டும் ரிலே அதை மாற்றும். நன்றாக வேலை செய்யும். ஆனால் ஸ்விட்ச்சிலிருந்து ரிலேக்கு வரும் வயர் அறுந்தால் பொய் எர்த் அப்படியே நிற்கும், பிரேக் மிதித்த செய்தி கருவிக்குப் போகவே போகாது. பல்பைத் திரும்ப மாற்ற ஐந்து நிமிடம். பழைய இழை பல்புகளையே மாட்டிவிட்டேன்.

அடுத்தது க்ளட்ச். க்ளட்ச் பெடலுக்கு ஸ்விட்ச் தேவையில்லை, எஞ்சின் சுற்று திடீரென எகிறினால் கருவியே விட்டுவிடும் என்று கிட்டின் காகிதத்தில் போட்டிருந்தது. ஒருமுறை அப்படியே விட்டுப் பார்த்தேன். க்ளட்சை மிதித்ததும் பாரம் இல்லாத எஞ்சின் ஓர் ஊளை போட்டது பாருங்கள், பக்கத்து இருக்கையில் இருந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டார். மறுநாளே பெடல் தண்டில் ஒரு காந்தமும் எதிரே ஒரு ஸ்விட்ச்சும் வைத்தேன். பெடல் சற்று நகர்ந்தாலே துண்டித்துவிடும். இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள்.

வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கருவிக்கு யார் சொல்வது? ஸ்பீடாமீட்டருக்கு எலெக்ட்ரானிக் சென்சார் இருந்தால் அதிலிருந்தே ஒரு வயர் எடுக்கலாம். என்னுடையது கேபிள் சுற்றி முள்ளை நகர்த்தும் பழைய ஸ்பீடாமீட்டர். எனவே கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் எதிரெதிராக இரண்டு காந்தங்கள் ஒட்டி, சுமார் 1 செ.மீ. தள்ளி ஒரு கம்பிச்சுருளை (coil) வைத்தேன். காந்தம் கடக்கும் ஒவ்வொரு முறையும் அதிலிருந்து கருவிக்கு ஒரு துடிப்பு போகும். இரண்டு ஏன் என்றால், ஒரு பக்கம் மட்டும் எடை ஏறினால் ஷாஃப்ட் அதிரும். கணக்கு எளிது: டயர் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர், பின் ஆக்ஸில் விகிதம் 4 (சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் 4 முறை சுற்றும்) என்றால், 1 கி.மீ.க்கு ஷாஃப்ட் சுமார் 1,900 முறை சுற்றும். இரண்டு காந்தத்துக்கு 3,800 துடிப்பு. உங்கள் டயரையும் விகிதத்தையும் போட்டுப் பார்த்து, கருவியில் உள்ள குட்டி ஸ்விட்ச்சுகளில் அருகில் உள்ள எண்ணுக்கு வையுங்கள்.

இதைச் செய்துகொண்டிருந்தபோது ரால்ஃப் டீட்டர் ஞாபகம் வந்தார். க்ரூஸ் கண்ட்ரோலைக் கண்டுபிடித்தவர், ஐந்து வயதில் பார்வையை இழந்த அமெரிக்க எஞ்சினியர். அவருடைய வக்கீல் காரோட்டும்போது பேசினால் வேகம் குறையுமாம், கேட்டுக்கொண்டிருந்தால் கூடுமாம். அந்தக் குலுக்கல் தாங்காமல்தான் இவர் இந்த யோசனைக்கு வந்தார் என்பார்கள். 1950-இல் காப்புரிமை கிடைத்தது, 1958-இல் கிறைஸ்லரின் இம்பீரியல் காரில் வந்தது. அந்த முதல் கருவியும் ஷாஃப்ட் சுற்றுவதிலிருந்துதான் வேகத்தைக் கணித்தது. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் காந்தம் ஒட்டும்போது இது ஒரு சின்ன ஆறுதல்.

லீவரோடு இணைப்பதில் அவசரம் வேண்டாம். காலை எடுத்ததும் லீவர் முழுதாகத் திரும்பி நிற்க வேண்டும். அதற்காகக் கருவியையும் லீவரையும் இணைக்கும் மணிச் சங்கிலியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தொய்வு விடுங்கள். தொய்வே இல்லையென்றால் ஐடில், அதாவது மிதிக்காதபோது எஞ்சின் சும்மா ஓடும் வேகம், ஏறிவிடும். அதிகமாக விட்டால் வண்டி ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் இழுக்கும். கருவி லீவரை இழுக்கும்போது உங்கள் கால் பக்கத்துக் கேபிள் தளரும், அது தன் பள்ளத்தை விட்டு வெளியே விழாமல் இருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். கருவியை பாடியில் மாட்டுகிறோம், எஞ்சினோ ஸ்டார்ட் செய்யும்போது ஒரு குலுக்கு குலுக்கும். அதற்கும் இடம் கொடுத்து கேபிளை வளைவாக விடுங்கள். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் எதையும் கொண்டுபோகாதீர்கள். பழைய ஆக்சிலேட்டர் கேபிள் சற்றே சிக்கித் திரும்புகிற வண்டி என்றால், இந்த வேலையையே தள்ளிவைத்து முதலில் அதை மாற்றுங்கள்.

சிலர் கை த்ராட்டில் போல ஒரு திருகு வைத்து லீவரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, அதையே க்ரூஸ் என்பார்கள். அது வேகத்தைப் பிடிக்காது, லீவரைத்தான் பிடிக்கும். இறக்கத்தில் வண்டி பிய்த்துக்கொண்டு போகும்; பிரேக் மிதித்தாலும் அது விடாது. கிட்டவே போகாதீர்கள்.

முடித்ததும் எஞ்சின் அணைந்த நிலையில், சாவியை மட்டும் திருப்பி, பிரேக்கையும் க்ளட்சையும் தனித்தனியே மிதித்து மல்டிமீட்டரில் பாருங்கள். பிறகு காலியான, நேரான, காய்ந்த சாலை. செட் செய்து பிரேக்கை லேசாகத் தட்டுங்கள். மீண்டும் செட், க்ளட்ச். மீண்டும் செட், மெயின் ஸ்விட்ச். ஒவ்வொன்றையும் பத்து முறையாவது செய்தேன். ஒரே ஒரு முறை தயங்கினாலும் சங்கிலியைக் கழற்றிவிடுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காப்பீட்டுக்காரர்களுக்கும் மாற்றத்தைச் சொல்லிவிட்டேன்.

ஓட்டத்தில் என்ன எதிர்பார்க்கலாம்? சமதளத்தில் அருமை. கால் தரையில் நீட்டிக் கிடக்கும், முழங்கால் வலி எனக்குப் பாதிக்கு மேல் போய்விட்டது. ஏற்றத்தில், சுமை இருந்தால், வேகம் குறையக் குறைய அது லீவரை முழுக்கத் திறந்துகொண்டே போகும். நான் உச்சிக்கு முன்பே அணைத்துவிடுவேன். இறக்கத்தில் அதற்கு பிரேக் போடத் தெரியாது. மழையில் தொடவே மாட்டேன், சக்கரம் வழுக்கினால் அதற்கு எதுவும் தெரியாது.

சமீபத்தில் ஒருநாள் 70-இல் செட் செய்தும் பிடிக்கவில்லை. பல்ப் சரி, ப்யூஸ் சரி. ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்தால் ஷாஃப்ட்டில் ஒரு காந்தத்தைக் காணோம். துடிப்பு பாதியானதால் வண்டி 35-இல் போவதாக அது நினைத்திருக்கிறது. 40-க்குக் கீழே அது பிடிக்காது. பசையை மட்டும் நம்பியது என் தப்பு. இப்போது இரண்டையும் சுற்றி ஸ்டீல் கிளாம்ப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் கையை விட்டு ஆட்டிப் பார்க்கிறேன்.