வேலை தேடிப் போன நிழல்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் கூடியிருந்தபோது ஒருவர் என்னைச் ‘சோம்பேறி’ என்றார். சுருக்கென்றது. உடனே இன்னொருவர், “இவனோடு இருந்தால் பிழைக்க முடியாதென்று இவன் நிழலே வேறு ஆளிடம் வேலைக்குப் போய்விட்டது” என்றார். எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். இரண்டாவதுதானே பெரிய வசை? ஏன் வலிக்கவில்லை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

‘சோம்பேறி’ என்பதை நம்ப முடியும், அதனால் குத்துகிறது. நிழல் வேலைக்குப் போனதை யார் நம்புவார்? பேச்சு உங்களை விட்டு நிழலின் பின்னால் போய்விடுகிறது. உச்சிவெயிலில் அதற்கு ஓய்வு உண்டா, இருட்டிய பிறகு விடுமுறையா என்று மனம் அலையத் தொடங்கிவிடும்.

இத்தகைய நகைச்சுவையில் நான் வியப்பது அதன் கறாரான தர்க்கத்தை. ‘மண்டையில் களிமண்’ என்பது தேய்ந்துபோன வசை. அதைச் சொல்லுக்குச் சொல் உண்மையாக எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்தால் காதோரம் புல் முளைக்கும். குயவர் வந்து விலை கேட்பார். தலைவலி என்று போனால் மருத்துவர் சூளையில் வைக்கச் சொல்வார். களிமண்ணை மறந்துவிட்டு வேறெதையாவது சேர்த்தால் அது வெறும் உளறல்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கறுப்பின இளைஞர்களின் வசைப் போட்டிகளைப் பற்றி மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1972இல் எழுதினார். வசை அப்பட்டமான பொய் என்று எல்லோருக்கும் தெரியும்வரை, அதற்குப் பதில் இன்னொரு வசைதான். கொஞ்சம் உண்மை கலந்துவிட்டால் விளையாட்டு கலைந்து, ‘அப்படியில்லை’ என்ற மறுப்பு எழும். உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் கண்டதில்லை.

நம் காளமேகமோ உண்மையையே வானளவு ஊதியவர். நாகைக் காத்தான் சத்திரத்தில் சூரியன் மறையும்போது அரிசி வரும், குத்தி உலையிலிடும்போது ஊர் அடங்கும், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது வெள்ளி எழும் என்றார். சோறு தாமதமானதைச் சொல்ல வானமே நகர்கிறது. ஆனால் பசி நிஜம். அதனால் சிரிப்புக்கு நடுவே முள்ளும் இருக்கிறது.

ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியாது. ஒருவரின் நிறத்தையோ உடலையோ குறித்த கேலிக்கு எத்தனை கற்பனை பூசினாலும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கேட்பவர் அதைக் கற்பனை கலக்காமலே பலமுறை கேட்டிருப்பார்.

நிழல் திரும்பியதா என்று நண்பர் அடுத்த முறை கேட்டால், பழைய சம்பளத்துக்கு வர மறுக்கிறது என்று சொல்லுங்கள்.