ஆடித் தள்ளுபடியும் ஓணக்கோடியும் ஒரே விளம்பரத்தில் அடங்காது

கேள்வி: ஊர், கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை. பாலக்காட்டில் ஒரு சின்ன விளம்பர ஏஜென்சியில் வேலை. ஜவுளிக்கடை ஒன்றுக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களைத் தமிழில் எழுதி, அதையே மலையாளத்திலும் மாற்றிப் போடுகிறேன். லைக் குவிகிறது. கடைக்காரரோ “கல்லாவில் ஒன்றும் தெரியலையே” என்று ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டு மாற்றச் சொல்கிறார். தீர்ந்துபோன சேலையைக் குறைந்த விலையில் போடு, ஆள் வந்தால் போதும் என்கிறார். வேலை பிடித்திருக்கிறது, மனசு நிறையவில்லை. விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். நீங்கள் எழுதியதைப் படித்து யார் வந்தார், என்ன வாங்கினார் என்பது உங்கள் கண்ணில் படுவதே இல்லை. மனசு நிறையாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை மாலை கடைக்குப் போய், பில் போடுகிறவர் பக்கத்தில் நில்லுங்கள். அவரிடம் ஒரு நோட்டு கொடுத்து, “எதைப் பார்த்துட்டு வந்தீங்க?” என்று வருகிறவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பதில் எந்த மொழியில் வந்தது, என்ன வாங்கினார்கள் என்பதையும் குறிக்கட்டும். கடைக்காரரிடம் பேச அந்த நோட்டுதான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

லைக் மட்டும் குவிந்தால், விளம்பரம் போடும்போது எந்த நோக்கத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று பாருங்கள். ‘என்கேஜ்மென்ட்’ என்று கொடுத்து லைக்கையே கேட்டிருந்தால், லைக் போடும் பழக்கமுள்ளவர்களுக்குத்தான் மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் நிறுவனம்) அதைக் காட்டும். வாட்ஸ்அப்பில் விசாரிக்க வைக்கும் விளம்பரமாக மாற்றுங்கள். மாற்றியபின் ஒரு வாரமாவது தொடாதீர்கள். வாரத்துக்குச் சுமார் 50 பலன், அதாவது இங்கே 50 விசாரிப்பு, கிடைத்தால்தான் யாருக்குக் காட்டுவது என்று மெட்டாவின் கணினி கற்று முடித்து, விளம்பரம் நிலைப்படும் என்பது மெட்டாவின் கணக்கு. பெரிய மாற்றம் செய்தால் அது மறுபடி முதலிலிருந்து கற்கத் தொடங்கும். ராத்திரி மாற்றங்களால் கடைக்காரரின் பணம்தான் வீணாகிறது. இதை அவரிடம் பகலில், நேரில் சொல்லுங்கள்.

இனி எல்லைப் பிரச்சினை. தமிழ்நாட்டில் ஆடி என்றால் தள்ளுபடி வாங்கக் கூட்டம் கூடும். ஏறத்தாழ அதே நாட்களில் மலையாளிகளுக்குக் கர்க்கடகம். மருந்துக்கஞ்சியும் ராமாயண வாசிப்புமாகக் கையைச் சுருக்கிக்கொள்கிற மழை மாதம். ஆடித் தள்ளுபடியை மலையாளத்தில் மாற்றிப் போட்டால் அந்த வீட்டில் அது எடுபடுவது கடினம். மலையாள பட்ஜெட்டின் பெரும்பங்கை ஓணத்துக்கு முந்தைய இரண்டு வாரத்துக்கு ஒதுக்குங்கள். அரசு ஊழியர்களுக்குப் போனஸும் பண்டிகைப்படியும் கைக்கு வருகிற நேரம் அது. ஓணக்கோடியாக, அதாவது ஓணப் புத்தாடையாக, எடுக்கிற ஜரிகைக் கரை போட்ட கசவுச் சேலை, பெண்கள் இரண்டு துண்டாக உடுத்தும் செட் முண்டு, குழந்தைகளுக்கான உடுப்பு ஆகியவற்றைப் படமெடுத்து, மலையாளத்திலேயே யோசித்து எழுதுங்கள். ஆனால் சித்தூர், கொழிஞ்சாம்பாறைத் தமிழ்க் குடும்பங்களை ஓணப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை அப்போதுதானே! இரண்டு வீட்டுப் பழக்கமும் தெரிந்த உங்களுக்கு இது எளிது; வெளியூர் ஏஜென்சிக்குக் கிடைக்காத அறிவு இது.

தீர்ந்துபோன சேலை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். கையில் இல்லாத சரக்கைக் காட்டி ஆள் இழுப்பதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 விதிமுறைகள் தடுக்கின்றன. அந்த விதிகள் விளம்பர ஏஜென்சிக்கும் பொருந்தும். தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் உண்டு. சலுகையை எந்த மொழியில் சொல்கிறீர்களோ, நிபந்தனையும் அதே மொழியில் இருக்க வேண்டும். தமிழ் விளம்பரத்தின் அடியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்து போடக்கூடாது. சட்டம் ஒருபுறமிருக்க, எல்லையிலுள்ள கோபாலபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர் “அந்தச் சேலை தீர்ந்துபோச்சு” என்று கேட்டுத் திரும்பினால், அடுத்து நீங்கள் எழுதும் எதையும் அவர் நம்ப மாட்டார்.

இந்த ஓணம் முடியும்வரை நோட்டை விடாமல் எழுதுங்கள். அதன்பிறகும் கடைக்காரர் மாறாவிட்டால் வேறு வாடிக்கையாளரைக் கேளுங்கள், ஏஜென்சி தராவிட்டால் ஏஜென்சியை மாற்றுங்கள். கோயம்புத்தூரில் நேர்முகத்துக்குப் போகும்போது, எந்த விளம்பரம் எத்தனை பேரைக் கடைக்குக் கொண்டுவந்தது என்ற அந்தக் கணக்கையே காட்டுங்கள்.