குமரித் தந்தை நேசமணி சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தாரா?

ஆம், இருந்தார். நாகர்கோவிலின் நாடாளுமன்ற உறுப்பினராகவே மார்ஷல் நேசமணியைப் பலர் நினைவில் வைத்திருப்பதால் இக்கேள்வி எழுவது இயல்பே.

1895-இல் விளவங்கோடு வட்டம் பள்ளியாடியில் பிறந்த அவர் வழக்கறிஞரானார். நாகர்கோவில் நீதிமன்றத்தில் ஒடுக்கப்பட்ட சாதி வழக்கறிஞர்களுக்கு நாற்காலி தராமல் முக்காலி போட்டிருந்ததாகவும், அதை அவர் எடுத்து வீசியதாகவும் இன்றும் சொல்வார்கள். அவருடைய பிற்கால அரசியல் முழுவதற்கும் அதுவே முன்னுரை என்பது என் கருத்து.

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் தலைவராக அவர் முன்வைத்த கோரிக்கை, தமிழர் பெரும்பான்மையாக வாழும் தென் வட்டங்களைத் தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என்பதாகும். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டதில் போராட்டக்காரர்கள் உயிரிழந்தனர். அப்போது அவ்வட்டங்கள் இருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை. அவருடைய பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் அரசே சுட்டது என்பது கவனிக்கத்தக்கது. இறுதியில் 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அவர்கள் கேட்ட மலை வட்டங்களான தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே தங்கிவிட்டது நேசமணியின் இயக்கத்துக்குப் பெரிய இழப்பு.

இணைப்புக்குப் பின் காங்கிரசில் சேர்ந்த அவர், 1957-இல் கிள்ளியூரிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்குப் போட்டியின்றித் தேர்வானார். 1962-இலும் 1967-இலும் நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் வென்றார். 1968-இல் அவர் மறைந்ததால் காலியான அத்தொகுதியில்தான், 1969 இடைத்தேர்தலில் காமராசர் வெற்றி பெற்றார்.