பைன் வேரில் வெள்ளைப் பூஞ்சை: மருந்து ஊற்றாதீர்கள்
தொட்டி மாற்றும்போது பைன் கன்றின் வேர் நுனிகளில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது, பூஞ்சைக்கொல்லி ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு நுனியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். குட்டையாக, தடித்து, கவட்டை போல இரண்டாகப் பிரிந்திருக்கிறதா? அப்படியானால் அது நோய் இல்லை, வேர்ப்பூஞ்சை. வேர் நுனியை உறை போல மூடிக்கொண்டு, மண்ணிலிருந்து பாஸ்பரசும் நைட்ரஜனும் இழுத்துக் கொடுக்கும். பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். பைன், ஓக் காடுகளில் இந்த வகைதான் அதிகம். வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் பூஞ்சை வேர்ச் செல்லுக்குள்ளேயே இருக்கும். சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். வேர் கறுத்து, குழைந்து, தோல் உருவிக்கொண்டு வந்தால் மட்டும் அழுகல் என்று சந்தேகப்படுங்கள். அப்புறம், வேரைக் கழுவிவிடாமல் பழைய மண்ணோடு சேர்த்தே நடுங்கள்.