கைபேசிக்குப் பக்க எண் தெரியாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் தளத்தை நான்கு ஆண்டுகளாக வாசிக்கிறேன். இதுவரை எழுதியதில்லை. இப்போதும் பாதி வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

நாவல் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பகலில் கணக்குத் துறையில் வேலை. இரவு குழந்தை தூங்கியபின் ஒன்பதரையிலிருந்து ஒரு மணி நேரம் எனக்கென்று கிடைக்கும். லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் கை தானாகக் கைபேசிக்குப் போய்விடுகிறது. ஒரே ஒரு செய்தியைப் பார்க்கலாம் என்று எடுப்பேன், நிமிர்ந்தால் பத்தரை. வீடியோ ஆப்களை நீக்கினேன், மறுபடி ஏற்றினேன். நோட்டிஃபிகேஷன்களை அணைத்தேன். எவ்வளவு நேரம் வீணாகிறது என்று காட்டும் ஆப் ஒன்றைப் போட்டேன். இப்போது அந்த ஆப்பையே அடிக்கடி பார்க்கிறேன்.

மூன்று ஆண்டுகளில் மூன்று நாவல்களைத் தொடங்கினேன். முதலாவது 60 பக்கம் வந்தது. இரண்டாவது 52, மூன்றாவது 55. அதற்குள் வேறொரு நல்ல கரு தோன்றிவிடும், இல்லையென்றால் கைபேசி இழுத்துக்கொள்ளும். இப்போது நான்காவதாக ஒன்று மனதில் ஓடுகிறது. நான் எழுதவேண்டிய நாவல் இதுதான் என்று உறுதியாகத் தோன்றுகிறது. நண்பர்களிடம் கதையைச் சொன்னேன், எல்லோருக்கும் பிடித்திருந்தது. எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு நாள் விட்டுப்போனால் அந்த வாரமே போய்விடுகிறது. எனக்கு ஒழுங்கு போதவில்லையா, அல்லது திறமையே இல்லையா? நீங்கள் கவனம் சிதறாமல் எப்படி எழுதுகிறீர்கள்?

அன்புடன்,
எம்.

*

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, கைபேசியைப் பற்றிய இன்னொரு கடிதம் என்றுதான் நினைத்தேன். அப்படி நிறைய வருகிறது. இரண்டாவது முறை படித்தபோதுதான் அந்தப் பக்கக் கணக்கு கண்ணில் பட்டது. 60, 52, 55. நீங்கள் கணக்குத் துறையில் இருப்பவர். இந்த மூன்று எண்களும் ஏதாவதொரு பேரேட்டில் இப்படி அடுத்தடுத்து வந்திருந்தால் பேனாவை எடுத்து வட்டம் போட்டிருப்பீர்கள்.

கைபேசிக்குப் பக்க எண் தெரியாது. உங்களைத் தடுப்பது அது மட்டும்தான் என்றால் ஒரு நாவல் 9-ஆம் பக்கத்திலும் இன்னொன்று 140-ஆம் பக்கத்திலும் நின்றிருக்க வேண்டும். மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றிருக்கின்றன. அந்த இடத்தில் என்ன இருக்கிறது?

எனக்கு அந்த இடம் பழக்கம். முதல் ஐம்பது பக்கம் எழுதும்போது எல்லாக் கதவும் திறந்திருக்கும். அவள் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். அண்ணன் நல்லவனாகவும் இருக்கலாம், கெட்டவனாகவும் இருக்கலாம். எதை எழுதினாலும் அது வரவு. ஐம்பதைத் தாண்டியதும் முன்னால் எழுதியதெல்லாம் கேள்வி கேட்க ஆரம்பிக்கும். 12-ஆம் பக்கத்தில் அவளுக்கு ஒரு கடிதம் வந்ததே, அது என்ன ஆயிற்று? அண்ணனை 30-ஆம் பக்கத்தில் ஊமையாக வைத்துவிட்டாயே, இனி எப்படிப் பேசவைப்பாய்? ஒவ்வொரு வரியும் ஒரு கதவைச் சாத்துகிறது. மனதிலிருந்த நாவலைவிடக் கையிலிருக்கும் நாவல் சின்னது என்பதும் அப்போதுதான் தெரியவரும். இது நாவலுக்கு மட்டும் நேர்வதில்லை. வயலின் கற்பவர்களுக்கும் படம் வரைபவர்களுக்கும் இந்த இடம் உண்டு, எண்ணிக்கைதான் வேறு.

அந்த இடத்தில் சரியாக ஒரு புதிய கரு தோன்றுகிறது பாருங்கள், அதுதான் ஆபத்தானது. கைபேசியில் ஒரு மணி நேரம் போனால் குற்றவுணர்ச்சியாவது வரும். புதிய கருவில் மூன்று மாதம் போனாலும் வராது, ஏனென்றால் நீங்கள் படைப்பு வேலையில் இருப்பதாகத்தானே தோன்றுகிறது? அந்தக் கருவில் இன்னும் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. எழுதப்படாததில் பிழை இருக்க வழியில்லை. அதனால்தான் அது அவ்வளவு அழகாக இருக்கிறது. உங்கள் நான்காவது நாவலைப் பற்றித்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் கதையைச் சொல்கிறேன். என் இரண்டாவது நாவல் பாதியில் ஏழு மாதம் கிடந்தது. எல்லாரையும் குறை சொன்னேன்: வீட்டை, வேலையை, இணையத்தை. அப்புறம் ஒரு நாள், நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் மணியையும் எந்த வரியில் எழுந்தேன் என்பதையும் ஒரு தாளில் குறிக்கத் தொடங்கினேன். பத்துப் பதினோரு நாள் ஆனதும் தாளைப் படித்துப் பார்த்தேன். பெரும்பாலும் ஒரே வகை வரியில்தான் எழுந்திருக்கிறேன். ஒரு பாத்திரம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக வேண்டிய வரி. இரண்டு பேர் சண்டை போட்டு முடித்துவிட்டார்கள், ஒருவன் அறையை விட்டு வெளியே வர வேண்டும். கதவருகே நின்று ஏதாவது சொல்வானா? பேசாமல் போவானா? படியிறங்குவதை எழுத வேண்டுமா? அந்த இடம் வந்ததும் எனக்குத் தாகம் எடுக்கும். அவன் அறையை விட்டு வெளியேறுவதற்குப் பதிலாக நான் வெளியேறிக்கொண்டிருந்தேன்.

இதைக் கண்டுபிடித்ததும் தீர்வு சிரிப்பு வரும் அளவுக்குச் சுலபமாக இருந்தது. அவனை வெளியே கொண்டுவரவே வேண்டாம். ஒரு வரி இடைவெளி விட்டேன். மறுநாள் காலையில் அவன் வேறெங்கோ இருந்தான். வாசகர் ஒருவரும் அவன் எப்படிப் படியிறங்கினான் என்று கேட்கவில்லை.

உங்கள் சிக்கல் வேறாக இருக்கும். ஆனால் நீங்களும் இப்படி ஒரு தாள் போட்டுப் பாருங்கள். எந்த ஆப்பும் இதைச் செய்து தராது. கைபேசியை எத்தனை முறை எடுத்தீர்கள் என்று அது எண்ணிச் சொல்லும், எந்த வாக்கியத்துக்குப் பயந்து எடுத்தீர்கள் என்று சொல்லத் தெரியாது.

நான் எப்படிக் கவனம் சிதறாமல் எழுதுகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். சிதறித்தான் எழுதுகிறேன். உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே சொல்லிவிட்டார்: நாமாக முயன்று ஒன்றின்மீது கவனத்தைத் தொடர்ந்து நிறுத்திவைப்பது சில நொடிகளுக்கு மேல் முடியாது. நீண்ட கவனம் என்று நாம் நினைப்பது, விலகிய மனதைத் திரும்பத் திரும்ப அழைத்துவருவதுதான். ஒரு மணி நேரத்தில் நாற்பது முறை விலகி நாற்பது முறை திரும்பியவரை நான் கவனம் இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் விலகுவதை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள், திரும்புவதைக் கணக்கில் எடுப்பதில்லை.

சரி, கைபேசியை முழுக்கக் குற்றமற்றது என்று விட்டுவிடவும் முடியாது. 2017-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தவர்களைவிட வேறு அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள் சிந்தனைத் திறன் சோதனையில் நன்றாகச் செய்தார்கள். பின்னால் மற்றவர்கள் செய்து பார்த்ததில் எல்லா நேரமும் அதே முடிவு வரவில்லை, அதனால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனாலும் நான் அடுத்த அறையில்தான் வைக்கிறேன். காரணம் எளியது: எழுந்து நடக்க வேண்டும். அந்த எட்டு அடிக்குள் நான் எந்த வரியிலிருந்து ஓடுகிறேன் என்பது பாதி நேரம் ஞாபகம் வந்துவிடும்.

இன்னொரு ஆய்வு உங்களுக்கு இன்னும் பயன்படும். 2009-இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு மாறுகிறவர்களை ஆராய்ந்தார். முடிக்காமல் விட்ட வேலை மனதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு அடுத்த வேலைக்கும் கூடவே வருகிறது. அதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் கவன எச்சம் எனலாம். எழுத உட்காரும் முன் ஐந்தே நிமிடம் ஒரு குழுவில் நடக்கும் சண்டையைப் பார்த்தீர்கள் என்றால் அந்தச் சண்டையின் எச்சத்தோடுதான் நாவலுக்குள் நுழைகிறீர்கள். ஆகவே எழுதும்போது கைபேசியை விலக்குவதைவிட, எழுதுவதற்கு முந்தைய கால் மணி நேரம் விலக்குவது முக்கியம்.

எச்சம் என்றதும் எனக்குப் பள்ளியில் படித்த இலக்கணம் நினைவுக்கு வருகிறது. 'வந்தான்' என்றால் முற்று, அதோடு தீர்ந்தது. 'வந்து' என்றால் எச்சம். வந்து என்ன செய்தான் என்று காது காத்திருக்கும். நான் ஒவ்வொரு நாளும் எழுத்தை வினையெச்சத்தில்தான் நிறுத்துகிறேன். சொல்லப்போனால் அப்படியே, எழுத்துக்கு எழுத்து: 'அவள் கதவைத் திறந்து' என்று எழுதிவிட்டு மூடிவைத்துவிடுவேன். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்த வேண்டும். தெரியாத இடத்தில் நிறுத்தினால் மறுநாள் சுவரில் முட்டிக்கொள்வீர்கள். இப்படி விட்டால் லெராய் சொன்ன அதே எச்சம் நம் பக்கம் வேலை செய்யத் தொடங்குகிறது. பகலெல்லாம் அலுவலகக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கதவு மனதில் பாதி திறந்தே இருக்கும். இரவு நீங்கள் எழுத வேண்டியது ஒரே ஒரு வினைமுற்று. அது வந்துவிட்டால் அடுத்த வரியும் வந்துவிடும்.

ஒரு மணி நேரம் போதுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி ட்ராலப் அஞ்சல் துறையில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசைக்கு வந்துவிடுவார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதினார், 47 நாவல்களை முடித்தார். அந்தக் கடிகாரத்தை நானும் முயன்று பார்த்தேன். சொற்கள் வந்தன, அவ்வளவுதான். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு. மேசைக்கு வந்ததும் முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பாராம். உங்களுக்கு அரை மணி கட்டுப்படியாகாது, பத்து நிமிடம் படியுங்கள். கை கைபேசிக்குப் போகும் அந்த முதல் பத்து நிமிடம் அப்படிக் கழிந்துவிடும்.

நண்பர்களிடம் கதை சொன்னீர்கள் அல்லவா, அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதுவும் 2009-இல்தான். பீட்டர் கோல்விட்சரும் உடன் ஆய்வாளர்களும் மாணவர்களை வைத்துச் செய்த சோதனைகளில், தம் நோக்கத்தை இன்னொருவர் அறிந்து ஏற்றுக்கொண்டதும் பலர் அதற்காக உழைப்பது குறைந்துபோனது. அறிவிப்பே பாதி வெற்றிபோல் மனதுக்குத் தோன்றிவிடுகிறது. இதை வள்ளுவர் வினைத்திட்பம் அதிகாரத்தில் எப்போதோ சொல்லிவிட்டார்: 'கடைக்கொட்கச் செய்தக்கது ஆண்மை இடைக்கொட்கின் எற்றா விழுமம் தரும்.' வேலை முடிந்த பிறகு வெளியே தெரிய வேண்டும், நடுவில் தெரிந்தால் தீராத துன்பம். உங்கள் நான்காவது நாவலுக்குப் பாராட்டு முன்கூட்டியே கிடைத்துவிட்டது. இனி அதை எழுத என்ன அவசரம் இருக்கிறது?

ஒரு நாள் விட்டுப்போவதைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். லண்டனில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து ஒரு பழக்கம் எப்படிப் படிகிறது என்று பார்த்தார்கள். அந்த 12 வாரப் போக்கை முன்னால் நீட்டிக் கணக்கிட்டபோது, பழக்கம் படியச் சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று வந்தது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அவர்கள் பார்த்தது தண்ணீர் குடிப்பது, நடப்பது போன்ற சின்னப் பழக்கங்கள். நாவல் அத்தனை எளிதில் பழகாது. ஆனால் வாரத்தைக் கெடுப்பது தவறிய அந்த ஒரு நாள் இல்லை. அதைப் பற்றி மூன்று நாள் வருந்துகிறோமே, அந்த வருத்தம்.

திறமை இருக்கிறதா என்பதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது. ஐம்பது பக்கத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

மூன்றில் எதைத் தொடர்வது? நீங்கள் மிகச் சிறந்தது என்று நினைப்பதை எடுக்க வேண்டாம். அதன்மீது பயம் அதிகம் இருக்கும். அடுத்த காட்சி என்னவென்று ஓரளவாவது தெரிந்திருக்கிறதே, அந்த நாவலை எடுங்கள். நான்காவதை ஒரு நோட்டில் ஒரே பக்கத்தில் எழுதித் தேதி போட்டு மூடுங்கள். என்னிடம் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. அந்தந்த நேரத்தில் உயிரைக் கொடுத்து எழுத வேண்டும் என்று தோன்றிய முப்பது நாற்பது கருக்கள் அதில் கிடக்கின்றன. இப்போது புரட்டினால் நான்கைந்துக்குத்தான் மூச்சு இருக்கிறது. சிலவற்றில் நான் என்ன நினைத்து எழுதினேன் என்றே புரியவில்லை.

எடுத்ததைக் கைவிடவே கூடாதா? கைவிடலாம். நானும் ஒன்றைக் கைவிட்டிருக்கிறேன். ஒரே நிபந்தனை, எழுத்து நன்றாக ஓடிய ஒரு நாளில் அந்த முடிவை எடுங்கள். வரி வராமல் திணறும் இரவில் எடுக்காதீர்கள்.

இன்று இரவு புதிதாக ஒன்றும் எழுத வேண்டாம். பழைய 55 பக்கத்தையோ 60 பக்கத்தையோ படித்து, கடைசிப் பக்கத்தின் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். முற்றுப்புள்ளி வைத்து முடித்திருந்தால் அந்த வினைமுற்றை அழித்துவிட்டு எச்சமாக மாற்றிவையுங்கள். மிச்சத்தை நாளை ஒன்பதரைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்.