எலுமிச்சையில் சொறி: மருந்து அடித்தும் ஏன் போகவில்லை?

கேள்வி: எங்கள் எலுமிச்சை மரத்துக்கு நான்கு வயது. இலை, குச்சி, காய் எல்லாவற்றிலும் பழுப்பு நிறச் சொறி. காப்பர் ஆக்ஸிகுளோரைடு மூன்று முறை அடித்தும் மறையவில்லை. மரத்தை வெட்டிவிட வேண்டியதுதானா?

பதில்: அவசரப்பட்டு வெட்டாதீர்கள். நீங்கள் அடித்த மருந்தும் வீணாகியிருக்காது. ஒருமுறை விழுந்த சொறி எந்த மருந்துக்கும் மறையாது. தாமிர மருந்து இலையின் மேல் படலமாக நின்று, சொறியை உண்டாக்கும் பாக்டீரியா புதிதாக வந்து விழுந்தால் அதைக் கொல்லும், அவ்வளவுதான். உள்ளே புகுந்துவிட்டதை அது தொடாது. ஆகவே பழைய இலையை விட்டுவிட்டு, மருந்து அடித்த பிறகு விரிந்த இலைகள் சுத்தமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

முதலில் இது சொறி நோய்தானா என்று உறுதி செய்துகொள்வோம். ஓர் இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்து, இலையின் இரண்டு பக்கமும் தடவினால் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டு, நடுவில் சின்னக் குழி இருந்தால் அதுதான். அடிமரப் பட்டை அழுகிப் பிசின் வடிகிறது என்றால் அது வேறு நோய். அதற்கு வைத்தியமும் வேறு.

இந்தப் பாக்டீரியா காற்றோடு அடிக்கும் மழையில்தான் பரவுகிறது. இலையில் இயல்பாகவே இருக்கும் நுண்துளைகள் வழியாகவும் காயங்கள் வழியாகவும் உள்ளே போகிறது. இளசாக விரியும் கொழுந்துதான் அதற்கு வசதி. முற்றிய இலையில் காயம் இல்லாவிட்டால் எளிதில் தொற்றாது. காய்க்கும் அப்படித்தான்: பூ உதிர்ந்ததிலிருந்து முதல் மூன்று, நான்கு மாதங்கள்தான் ஆபத்து. இதைப் புரிந்துகொண்டால் எப்போது மருந்து அடிக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். நாள்காட்டியைப் பார்த்து அடிப்பதில் பயனில்லை. புதுக் கொழுந்து பாதி விரிந்திருக்கும்போது, மழைக்கு முன்பாக, லிட்டருக்கு 3 கிராம் கலந்து இலையின் இருபுறமும் நனையும்படி அடியுங்கள். காய் வளர வளரப் புதுத் தோல் மருந்துப் படலம் இல்லாமல் வெளியே வரும். அதனால் மழைக்காலத்தில் சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். அதற்காக அளவைக் கூட்டாதீர்கள். இலை கருகும், தாமிரம் மண்ணிலும் சேர்ந்துகொண்டே போகும்.

பலரும் கவனிக்காமல் விடுவது இலைத்துளைப்பான் புழுவை. கொழுந்து இலையில் வெள்ளிக் கோடு போல வளைந்து வளைந்து போகுமே, அந்தப் புழுதான். அது நோயைச் சுமந்து வருவதில்லை. ஆனால் அது குடைந்த பாதை முழுவதும் திறந்த புண், பாக்டீரியாவுக்கு அகலத் திறந்த வாசல். கோட்டை ஒட்டியே சொறி வரிசையாகப் போவதைப் பார்த்தால் புரியும். துளிர் விடும் நேரத்தில் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பது உதவும். தாமிர மருந்தோடு கலக்காமல் வேறொரு நாளில் தெளியுங்கள். தழைச்சத்து உரத்தையும் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். அது மெத்தென்ற கொழுந்தாகத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

சொறி பிடித்த குச்சிகளை வறண்ட நாளில் வெட்டி எரித்துவிடுங்கள். கத்தரியை ஒவ்வொரு மரத்துக்கும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். மரம் நனைந்திருக்கும்போது அதைத் தொடவே வேண்டாம். தண்ணீரை இலைமேல் பீய்ச்சாமல் வேரில் விடுங்கள். காற்று நேராக வந்து அடிக்கும் பக்கம் உயிர்வேலி இருந்தால் பெரிய உதவி.

வெட்டுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த நோய் இதுவரை இல்லாத பகுதியில் உங்கள் மரம் இருந்தால் உடனே வேளாண் துறைக்குத் தெரிவியுங்கள், அங்கே வெட்டச் சொல்வதும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1995-இல் மயாமி பகுதியில் நோய் தெரிந்ததும் ஒழிப்புப் பணி தொடங்கியது. பிற்பாடு, நோய் கண்ட மரத்திலிருந்து 1,900 அடிக்குள் இருந்த எலுமிச்சை, ஆரஞ்சு இன மரங்களையெல்லாம் வெட்டினார்கள். 2004, 2005 புயல்கள் நோயை எங்கெங்கோ கொண்டுபோய்ச் சேர்த்தன. 2006-இல் அந்த முயற்சியையே கைவிட்டார்கள். நோய் ஏற்கெனவே பரவலாக இருக்கும் இடத்தில் ஒற்றை மரத்தை வெட்டி என்ன கிடைக்கும்?

அப்புறம், சொறி உள்ள காயைத் தாராளமாகச் சாப்பிடலாம். மனிதரை இந்தப் பாக்டீரியா ஒன்றும் செய்யாது. தோல்தான் அசிங்கமாக இருக்கும், சாறு நன்றாகவே இருக்கும்.