பாட்டா பெட்டியில் ஒரு கேனன்

கேள்வி: எங்கள் பாட்டா கொழும்பில் வேலை பார்த்தபோது வாங்கிய கேனன் கேமரா டிரங்குப் பெட்டியில் கிடந்தது. பெயர் ‘கேனன் கேமரா கம்பெனி’, அடியில் ‘மேட் இன் ஆக்குப்பைடு ஜப்பான்’. ஜெர்மன் கேமரா லைக்காவைப் பார்த்து அடித்த காப்பி என்று மச்சான் சிரிக்கிறான். அப்படியா? இன்னும் படம் எடுக்குமா?
- ஒரு வாசகர், தக்கலை

பதில்: மச்சான் சொன்னதில் பாதி சரி. கேனனைத் தொடங்கியவர்களில் ஒருவரான கோரோ யோஷிதா ஒரு லைக்காவைக் கழற்றிப் பார்த்தார்; உள்ளே பித்தளை, அலுமினியம், இரும்பு, ரப்பர், அவ்வளவுதான், வைரமா வைத்திருக்கிறான் இந்த விலைக்கு என்று எரிச்சல் வந்துவிட்டது. அந்த எரிச்சலில்தான் 1933-ல் டோக்கியோ ரொப்பொங்கியில் பட்டறை போட்டார்கள். 1934-ல் மாதிரிக் கேமராவுக்கு வைத்த பெயர் ‘குவானன்’. பௌத்தத்தின் கருணை வடிவமான நம் அவலோகிதேஸ்வரருக்கு ஜப்பானியப் பெயர் அது. லென்ஸுக்குப் புத்தரின் சீடர் மகாகாசியபர் பெயர்! அகத்தியர் தமிழ் கேட்டதே அவலோகிதரிடம்தான் என்கிறது பழைய பௌத்த இலக்கண நூலான வீரசோழியம், அதனால் பொதிகைப் பக்கத்து ஆளான மச்சான் ரொம்பச் சிரிக்க வேண்டாம்.

1936-ல் ‘ஹன்சா கேனன்’ கடைக்கு வந்தபோது லென்ஸ் செய்ய இவர்களுக்குத் தெரியாது, நிப்பான் கோகாக்கு செய்து கொடுத்தது. யார் என்கிறீர்கள்? இன்றைய நிக்கான்தான்.

கம்பெனி பெயர் கேனன் கேமரா ஆனது 1947-ல்; ஜப்பானில் நேச நாட்டுப் படைகளின் ஆட்சி (‘ஆக்குப்பைடு’ என்பது அதைத்தான்) முடிந்தது 1952-ல். உங்களுடையது அந்த இடைவெளியில் பிறந்தது.

இனி மீதிப் பாதி. பின்னால் கண் வைக்கும் ஓட்டை எத்தனை என்று பாருங்கள். அன்றைய லைக்காவில் இரண்டு, ஃபோகஸ் பார்க்க ஒன்று, படத்தில் எது விழும் என்று பார்க்க ஒன்று. கேனன் 1946-லேயே இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது, லைக்காவுக்கு அது வந்தது 1954-ல்தான். அப்புறம் எப்படி வெறும் காப்பி?

படம் எடுக்குமா என்றால், லென்ஸைக் கழற்றி உள்ளே தெரியும் கறுப்புத் துணியைப் பாருங்கள், அதுதான் ஷட்டர். வைண்ட் செய்து மறுபடி பாருங்கள், இப்போது தெரிவது இன்னொரு துணி. இந்த வகைக் கேமராவில் லென்ஸுக்கும் துணிக்கும் இடையில் ஒளியைத் திருப்பும் கண்ணாடி கிடையாது, மூடி போடாமல் வெயிலுக்கு நேரே காட்டினால் பூதக்கண்ணாடியில் காகிதம் எரிகிற மாதிரி துணியில் ஓட்டை விழும். பாட்டா கன்னியாகுமரிக் கடற்கரையில் அப்படிக் காட்டியிருந்தால் ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கும், ஒவ்வொரு படத்திலும் வெள்ளைப் பொட்டு விழும். லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சை இருக்கிறதா என்றும் பாருங்கள், நம் மாவட்ட மழை ஈரத்துக்கு அது சகஜம். ரெண்டும் இல்லையென்றால் இன்று கிடைக்கும் 35 எம்எம் ஃபிலிமே போதும். ஆனால் அடிமூடியைக் கழற்றிச் செருகும் கேமரா இது, ஃபிலிம் நுனியில் இருக்கும் குறுகிய நாக்கு இன்னும் நீளமாகும்படி கத்தரியால் வெட்டிவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் உள்ளே சிக்கும்.